புறவாசல் கதவு



திருநெல்வேலி டவுனில் பழைய வீடுகள் குறுகலும் நீளமுமாக இருக்கும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கடந்துபோனால் கடைசியில் புறவாசல். வீட்டின் பின்பாதிக்கு வெளிச்சமும் காற்றும் அந்தக் கதவு வழியாகத்தான். தலைவாசலுக்குக் கிடைக்கிற மஞ்சளும் குங்குமமும் இதற்குக் கிடைக்காது. வெயிலும் சாரலும் மட்டும் தவறாமல் கிடைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் புறவாசலில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பழைய கதவு ஊறி, அடிக்கட்டை இற்றுப் போயிற்று. புதுக் கதவுக்குக் கடைக்குப் போனேன். "ஏழுக்கு மூணா, ஏழுக்கு மூணரையா?" என்றார்கள். எங்கள் வாசல் இரண்டிலும் சேராது. உயரம் ஐந்தரை அடி. அகலம் மூன்றடி ஐந்தேகால் அங்குலம். மூன்றரைக்கு முக்கால் அங்குலம் குறைவு!

இப்படியும் ஓர் அளவா என்று எனக்கு எரிச்சல். ஆசாரிதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். தச்சுமுழம் 33 அங்குலம். இரண்டு முழம் ஐந்தரை அடி. ஒன்றேகால் முழம் மூன்றடி ஐந்தேகால் அங்குலம். வைத்தவர் கணக்கில் பிசகே இல்லை. டேப்பைப் பிடித்த நான்தான் வேறு கணக்கில் நின்றிருக்கிறேன்.

மேலே ஒன்றரை அடி உடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். வேண்டாம் என்றேன். வாசலுக்கு மேலே செங்கல் வளைவோ மர உத்தரமோ சுவரையும் மச்சையும் தாங்கிக்கொண்டிருக்கும். முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் சுண்ணாம்புச் சுவர் விரியும். உடைத்தே ஆகவேண்டும் என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, இரு பக்கமும் குறைந்தது அரையடி சுவரில் உட்காரும்படி புது லிண்டல் போட வேண்டும். ஒரு கதவுக்காக இத்தனை பாடா?

கண்ணாடித் தள்ளுகதவு போடலாமே என்றாள் மகள். பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு பலகைத் தள்ளுகதவில் பாதி வாசல்தான் திறக்கும். மூன்றரை அடியில் பாதி ஒன்றே முக்கால். பொங்கலுக்குப் பெரிய பானையை எந்த வழியாகக் கொண்டுபோவது?

கடைசியில் நிலையைத் தொடாமல், அதற்கேற்ற கதவைத்தான் செய்யச் சொன்னோம். அளவெடுக்கும்போது கவனித்தேன். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் பார்த்தார் ஆசாரி. உயரத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். எது சிறியதோ அதுவே கணக்கு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்தார். இரண்டும் ஒத்துவரவில்லை, நிலை லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வுக்கேற்பவே பலகையையும் இழைத்துச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். அலுமினியமோ யுபிவிசியோ வேண்டுமென்றாலும் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். கடையில் நிற்கிற கதவுதான் நமக்கு ஆகாது.

இன்னொன்றும் சொன்னார். கார்த்திகையில் கதவு பிடிக்கிறதென்று இழைக்காதீர்கள், மரம் ஊதியிருக்கும். பங்குனியில் அதே கதவு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி காட்டும்.

கதவு இப்போது சத்தமில்லாமல் மூடுகிறது. உயரம் மட்டும் அதே ஐந்தரை அடி. எங்கள் மருமகன் ஆறடி. கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் குனிகிறார். திரும்பி வரும்போது மறந்துவிடுகிறார்.