18-க்கு 15



'விழுந்தவர் எழுந்த கதை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் நம்மவர்கள் உடனே 2001 கொல்கத்தா டெஸ்டுக்குப் போய்விடுவார்கள். அது உங்களுக்கே மனப்பாடம். நான் 1911 நவம்பர் 11-க்குப் போகிறேன். இடம், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மைதானம். ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால்.

ஒரு பக்கம் ஹார்வர்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகள். எதிரே, பென்சில்வேனியாவிலிருந்து வந்த கார்லைல் அணி. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று 1879-இல் தொடங்கிய அரசு உறைவிடப் பள்ளி அது. பெயருக்குத்தான் பள்ளி, மோதியதெல்லாம் பெரிய பெரிய கல்லூரிகளோடு. இலவசப் படிப்பு, நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். வந்து சேர்ந்ததும் தலைமுடியை வெட்டுவார்கள். பெயரை மாற்றுவார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பிள்ளையிடமிருந்து அவன் இனத்தைப் பிடுங்குவதுதான் அங்கே முதல் பாடம்.

அந்த அணியில் ஜிம் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்துப் பையன். 1909-இல் பள்ளியை விட்டுக் கிளம்பி, வட கரோலினாவில் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார். 1911-இல் திரும்பி வந்தார். பயிற்சியாளர் பாப் வார்னர் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொற்பச் சம்பளத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

அன்று தோர்ப்புக்குக் கணுக்காலில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். ஹார்வர்டோ முதல் தர ஆட்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாம் வரிசையை அனுப்பியது. இவர்களுக்கு இது போதும் என்ற நினைப்பு! பாதி ஆட்டத்தில் 9-6, ஹார்வர்டு முன்னிலை. அன்றைய கணக்கில் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் 5, அதற்குப் பின் உதைத்தால் கூடுதல் 1. களத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. இடைவேளைக்குப் பிறகு கார்லைல் எகிறியது. 12-9. பிறகு 15-9. இப்போதுதான் ஹார்வர்டுக்கு உறைத்தது. பெஞ்சிலிருந்த பெரிய ஆட்கள் அவசரமாக உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்முன்னாலேயே தோர்ப் அதே அடிபட்ட உடம்போடு இன்னொன்று உதைத்தார். 18-9. அது அன்றைக்கு அவர் உதைத்த நான்காவது 3. கடைசியில் ஹார்வர்டு ஆறு புள்ளி தேற்றியும் 18-15. கார்லைல் ஜெயித்தது.

அடுத்த சனிக்கிழமை சிரக்யூஸிடம் ஒரே ஒரு புள்ளியில், 12-11 என்று தோற்றார்கள். அந்த சீசனில் அது ஒன்றுதான் தோல்வி. பேச்சாளர்கள் இதைச் சொல்வதில்லை, கைதட்டல் குறைந்துவிடும்!

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தோர்ப்புக்குத் தங்கம். அதே ஆண்டு நவம்பரில் ராணுவக் கல்லூரி அணியை கார்லைல் 27-6 என்று புரட்டியெடுத்தது. தோற்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர், பிற்காலத்து ஜனாதிபதி ஐசனோவர்.

1913 பிறந்தது. அந்தப் பழைய பேஸ்பால் சம்பளம் பத்திரிகைக்கு வந்தது. காசு வாங்கி ஆடியவர் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்று பதக்கங்களைப் பறித்தார்கள். விடுமுறையில் காசுக்கு ஆடிய கல்லூரிப் பையன்கள் அன்று ஏராளம். விவரமானவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள், தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். அவ்வளவுதான் குற்றம். புகார் கொடுக்க விதிப்படி 30 நாள்தான் கெடு. இவர்கள் பறித்தது ஆறு மாதம் கழித்து! விதியை மீறியவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

1953-இல் தோர்ப் இறந்துபோனார். 1982-இல் ஒலிம்பிக் குழு மனம் இறங்கி, அவரை இணை வெற்றியாளர் என்றது. 'இணை' என்ற அந்த ஒட்டு நீங்கி, அவரே தனி வெற்றியாளர் என்று அறிவித்தது 2022-இல். செத்தவருக்குக் கொடுத்த இதையெல்லாம் 'கம்பேக்' என்று எழுதுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அவர் திரும்பி வந்தது 1911-இல், தன் காலால்.

இங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கஷ்டத்துக்காக ஊர் ஊராகப் போய் டோர்னமென்டில் காசுக்கு ஆடிவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு பையன் உங்கள் மைதானத்து வாசலில் வந்து நின்றால், விதிப்புத்தகத்தைத் தேடாதீர்கள். முதலில் அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துக் கொடுங்கள்.