பூச்சரமும் மெமரி கார்டும்



அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் 2008ஆம் ஆண்டிலிருந்து மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆவடி, திருமுல்லைவாயல், பட்டரைவாக்கம், பூந்தமல்லி என்று சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்ததும் வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, ஸ்டோரேஜ் ஃபுல்னு காட்டுது. நல்ல கார்டா ஒண்ணு போட்டுக் குடுங்க."

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "கார்டு எதுக்குப்பா? படம் வைக்கவா, போனை ஓட்டவா?"

கேட்டவுடன் கொஞ்சம் விழிப்பார்கள். இரண்டும் ஒன்றில்லையா என்று தோன்றும். ஒன்றே இல்லை. நெல்லைக் கொட்டி வைக்கிற குதிரும் நெல்லைக் குத்துகிற உரலும் வேறு வேறு அல்லவா? அப்படித்தான். கையில் ஒரு மெமரி கார்டு இருக்கிற நேயர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் சின்னச் சின்ன எழுத்துகளுக்கு இன்று பொருள் சொல்லப்போகிறேன்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பழைய போன். 2010 கடைசியில் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த தம்பி ஒருவர் எச்டிசி எச்டி2 என்ற போனைக் கொண்டுவந்தார். 2009இல் வெளிவந்தது. 4.3 அங்குலத் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர். அன்றைக்கு அப்படி ஒரு போனைக் கையில் பிடிப்பதே பெருமை. ஆனால் அதில் ஓடியது விண்டோஸ் மொபைல் 6.5. ஊரெல்லாம் ஆண்ட்ராய்டு பக்கம் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் போனுக்கோ கம்பெனி ஆண்ட்ராய்டு தரவில்லை.

பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு முழுவதையும் மெமரி கார்டில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவிடுவது. போனை ஆன் செய்தால் வழக்கம்போல விண்டோஸ் வரும். அதற்குள் ஹாரெட் என்றொரு சின்ன நிரலைத் தட்டினால், அது விண்டோஸை ஒதுக்கிவிட்டு, கார்டிலிருந்து லினக்ஸை எழுப்பும். கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்டு வந்து நிற்கும். நகத்தளவு கார்டிலிருந்து ஒரு போனே புதிதாகப் பிறந்து வருவதை முதன்முதலில் பார்த்த அந்த மாலையை நான் இன்னும் மறக்கவில்லை.

நேயர்களே, சங்கதி இனிமேல்தான். அந்தத் தம்பி புதிதாக வாங்கிவந்தது கிளாஸ் 10 கார்டு. அப்போது அதுதான் உயர்ந்தது. போட்டோம். ஆண்ட்ராய்டு வந்தது, வந்து திணறியது. ஒரு எஸ்எம்எஸ் திறந்தால் நிற்கும். அழைப்பு வந்தால் பெயர் வருவதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும். மூன்று தடவை ஃபார்மேட் செய்து பார்த்தேன், மாற்றமில்லை. கடைசியில் என் மேஜை டிராயரில் கிடந்த பழைய கிளாஸ் 4 கார்டில் அதே ஃபைல்களை ஏற்றிப் போட்டேன். போன் வழுக்கிக்கொண்டு ஓடியது!

விலை கூடின கார்டு திணறுகிறது, டிராயரில் கிடந்தது ஓடுகிறது. ஏன்? இதற்கு விடை தேடி நான் படித்ததைத்தான் என் தொழிலிலேயே மிக அழகான விஷயம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்று ஒரு பெயர் உண்டு. அங்கே மார்க்கெட் பக்கம் போனால் பூக்காரம்மா சரம் தொடுப்பதை நின்று பாருங்கள். விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது! மல்லி, மல்லி, மல்லி என்று முழம் முழமாக நீண்டுகொண்டே போகும். இப்போது அவரிடம், "அம்மா, நடுவுல இருக்கிற அந்த ஒரு மல்லியை எடுத்துட்டு அதே இடத்துல கனகாம்பரம் வையுங்க" என்று கேட்டால்? ஒரு பூவைத் தனியாக உருவி மாற்ற முடியாது. அந்த முழத்தையே புதிதாகத் தொடுக்க வேண்டும். பழைய முழத்திலிருந்து நல்ல பூவையெல்லாம் எடுத்து, நடுவில் கனகாம்பரத்தைச் சேர்த்துத் தொடுத்து, பழைய நாரைப் போட்டுவிட வேண்டும். ஒரு பூவுக்காக ஒரு முழ வேலை.

மெமரி கார்டின் உள்ளே நடப்பது இதேதான். அதற்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. 1984இல் உலகத்துக்கு அறிவித்தார். ஃபிளாஷ் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அதில் ஒரு பெரிய பகுதி முழுவதும் ஒரே வீச்சில் அழிகிறது. கேமரா ஃபிளாஷ் பளிச்சென்று அடிப்பதுபோல இருக்கிறதே என்று அவருடன் வேலை செய்த ஒருவர் சொன்னார், அதுவே பெயராக நிலைத்தது. அழிப்பது மொத்தமாகத்தான் என்பது பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள்.

எழுதும்போது சில கிலோபைட்டாக எழுதலாம். அது ஒரு பூ. அழிக்கும்போது ஒரு பெரிய கட்டத்தையே அழிக்க வேண்டும். இன்றைய கார்டுகளில் அந்தக் கட்டம் மெகாபைட் கணக்கில் போகும். அது ஒரு முழம். கார்டுக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. சரத்தைப் பிரித்துத் தொடுக்கிற பூக்காரம்மா அதுதான்.

கல்யாண வீடியோவை கார்டில் ஏற்றுவது நீளமாக ஒரே சரம் தொடுப்பது போல. தடையில்லாமல் போகும். கிளாஸ் 10 என்ற முத்திரை சொல்வதும் அதைத்தான். தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்ற உறுதி அது. வீடியோ கேமராக்காரர்களுக்காக வகுத்த அளவுகோல். ஆனால் ஒரு போன் இயங்கும்போது என்ன செய்கிறது? இங்கே ஒரு எஸ்எம்எஸ், அங்கே ஒரு மிஸ்டு கால் கணக்கு, வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், ஒரு செயலியின் ஞாபகக் குறிப்பு. எல்லாம் இரண்டு கிலோபைட், நாலு கிலோபைட். எல்லாம் வேறு வேறு சரத்தின் நடுவில்! ஒவ்வொன்றுக்கும் முழம் பிரித்துத் தொடுக்க வேண்டியிருந்தால் பூக்காரம்மா என்ன செய்வார்? அன்று அந்தத் தம்பியின் கார்டு திணறியது அதனால்தான். நீளச் சரத்துக்குப் பழகிய கை அது. என் பழைய கார்டின் கன்ட்ரோலருக்கு உதிரிப் பூவைச் சமாளிக்கத் தெரிந்திருந்தது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் கார்டு விற்கிற முறையே மாறிப்போனது.

இப்போது கார்டின் முகப்பைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 100, 120, 150 என்று ஏதாவது ஒரு மெகாபைட் கணக்கு போட்டிருக்கும். பெரும்பாலும் அது நீளமாகப் படிக்கிற வேகம். அதை விட்டுவிடுங்கள். ஓரத்தில் ஆங்கில எழுத்து ஏ, பக்கத்தில் 1 அல்லது 2 என்று இருக்கிறதா? ஏ1, ஏ2. செயலிகள் ஓடுவதற்கென்றே, மெமரி கார்டுகளுக்குத் தரம் வகுக்கிற எஸ்டி அசோசியேஷன் 2016இல் கொண்டுவந்த முத்திரை ஏ1. அடுத்த ஆண்டு வந்தது ஏ2. ஏ1 என்றால், சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை விநாடிக்கு 1,500 தடவை படிக்கவும், 500 தடவை எழுதவும் முடியும் என்ற உறுதி. ஏ2 என்றால் படிப்பது 4,000, எழுதுவது 2,000.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 500 துண்டு, ஒவ்வொன்றும் 4 கிலோபைட். பெருக்கினால் விநாடிக்கு வெறும் 2 மெகாபைட். முகப்பில் 100 என்று போட்டிருக்கிறது, போனை ஓட்டுவதற்கு உதவுவதோ இந்த 2. இந்த 2க்கு உறுதி தருகிற கார்டைத்தான் நாம் தேட வேண்டும்.

அப்படியானால் ஏ2 வாங்கிவிடலாமே என்பீர்கள். ஏ2 தன் முழு வேகத்தைக் காட்ட வேண்டுமானால், பல வேலைகளை வரிசையில் வாங்கிவைத்துச் செய்கிற அதன் முறைக்குப் போனும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத போனில் கூடுதல் பணத்துக்குப் பலனில்லை. உங்கள் போனுக்கு அந்த வசதி உண்டென்று தெரியாவிட்டால், நல்ல ஏ1 கார்டு போதும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்.

கார்டில் போனை ஓட்டுவது நம் ஊரில் எப்படிப் பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 செப்டம்பரில் நம் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, ஆண்ட்ராய்டு ஒன் என்ற திட்டத்தை இந்தியாவில் அறிமுகம் செய்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று கம்பெனிப் போன்கள். சுமார் 6,400 ரூபாய். எஸ்டேட் தொழிலாளிகள் ஆசையாக வாங்கினார்கள். உள் நினைவகம் 4 ஜிபிதான். சிஸ்டம் எடுத்தது போக மிச்சத்தில் நாலு செயலி போட்டால் நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 6 வந்தது. அதில் கார்டைப் போட்டால் போன் கேட்கும்: இதைத் தனியாக வைத்துக்கொள்ளவா, என் உள் நினைவகத்தோடு சேர்த்துக்கொள்ளவா? சேர்த்துக்கொண்டால் செயலிகள் கார்டிலிருந்தே ஓடும். எல்லாக் கம்பெனிப் போனிலும் இந்த வசதி கிடையாது. இருக்கிற போனில், சேர்க்கும்போது கார்டு மெதுவாக இருக்கிறது என்று போன் எச்சரித்தால், அதைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். நான் சொன்ன பூச்சரக் கதையைத்தான் அது சொல்கிறது.

இப்படிச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி மனம் கனத்து ஒன்று சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நம் யாருக்கும் மறக்காது. தண்ணீர் வடிந்த பிறகு என் கடைக்குப் பை பையாகப் போன்கள் வந்தன. சேறு படிந்த போர்டுகள். எத்தனையோ போன்கள் உயிர்பெறவில்லை. ஆனால் அவற்றில் சேர்க்காமல் தனியாக இருந்த மெமரி கார்டுகளைக் கழற்றி, ஐபிஏ என்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலர வைத்து ரீடரில் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன. கார்டு என்பது உள்ளிருக்கும் சிப்பையெல்லாம் ஒரே பிசின் கட்டியாக வார்த்தது. தண்ணீர் நுழைய இடைவெளி இல்லை. வெளியே தெரிவது எட்டுத் தங்க நிறப் பின்கள்தான். வீட்டில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தைப் பார்த்து என் மேஜை முன்னால் அழுதிருக்கிறார்கள்.

சில வருடம் கழித்து, திருமுல்லைவாயலிலிருந்து ஒரு அம்மா வந்தார். போன் தண்ணீர் சம்ப்பில் விழுந்து போர்டு போய்விட்டது. காலமான கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. கார்டைக் கழற்றிப் போட்டேன். நல்ல கார்டு, ஒரு பின்கூடக் கறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. யாரோ அந்தக் கார்டை உள் நினைவகத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அப்படிச் சேர்த்த கார்டில் எல்லாமே பூட்டித்தான் எழுதப்படும்; சாவி போனுக்குள் இருக்கும். போன் போனால் சாவியும் போயிற்று. மூன்று நாள் அந்த போர்டுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. "கார்டு நல்லாத்தானே இருக்குன்ற, அப்புறம் ஏன்பா வரல?" என்று அந்த அம்மா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

அதனால்தான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். போனை ஓட்டுகிற கார்டு வேலைக்காரக் கார்டு. ஓயாமல் எழுதி அழிப்பதால் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு கட்டமும் சில நூறு முதல் சில ஆயிரம் தடவைதான் அழிவதைத் தாங்கும். மறக்க முடியாத படத்தையும் குரலையும் அதில் மட்டும் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரிலோ இன்னொரு கார்டிலோ ஒரு பிரதி இருக்கட்டும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன். கார்டின் கொள்ளளவைப் பொறுத்து அதன் வகைக்குப் பெயர் உண்டு: 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. உங்கள் போன் எதுவரை ஏற்கும் என்று பெட்டியில் பாருங்கள். பழைய போனில் பெரிய கார்டைப் போட்டு, அது ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால், உள்ளே படம் இருக்கிற பட்சத்தில் சரி என்று தட்டாதீர்கள். பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே டிரேதான். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கிற 128 ஜிபிக்குள் 8 ஜிபி சிப்தான் இருந்ததை என் கையால் பார்த்திருக்கிறேன். முதலில் நன்றாக எழுதும், அளவு தாண்டியதும் பழைய படங்கள் கெடும். பில்லோடு வாங்குங்கள், வாங்கிய அன்றே கார்டு நிறைய எதையாவது ஏற்றி, திரும்பத் திறந்து சரிபாருங்கள். புதுப் போனே வாங்கப் போகிறீர்கள் என்றால், உள் நினைவகம் கூடுதலாக இருக்கிற போனை வாங்குங்கள். கார்டு எவ்வளவு நல்லதானாலும் அந்த வேகம் வராது.

அடுத்த முறை கார்டு வாங்கப் போகும்போது பெரிய எண்ணைப் பார்க்கும் முன் அந்தச் சின்ன ஏ1ஐத் தேடுங்கள், எதற்காக வாங்குகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், வீட்டுப் படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள். நல்ல கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பதிலும் சொல்ல முடியாமல் நிற்கிற நிலை இனி எந்த அம்மா முன்னாலும் எனக்கு வரக்கூடாது என்பதே என் ஆசை.