சென்னை ஒளிப்படச் சங்கமும் அதன் முன்னோடிகளும்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்னை ஒளிப்படச் சங்கத்தின் வரலாற்றையும் அதனோடு தொடர்புடைய பெருமக்களின் பணியையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இன்று ஒளிப்படக் கருவி இல்லாத சட்டைப்பையே இல்லை. அவ்வாறிருக்க, படம் எடுப்பதற்கென ஒரு சங்கம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு வரலாறே விடை சொல்லட்டும்.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில் டாகெர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் முறையில் வெள்ளி பூசிய தகட்டில் ஒரேயொரு படம் மட்டுமே கிடைக்கும், படியெடுக்க இயலாது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தாளில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து பல படிகள் எடுக்கும் முறையை வகுத்து, 1841இல் காப்புரிமையும் பெற்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1851இல், ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. யாவரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்டார். ஒளிப்படம் உலகெங்கும் விரைந்து பரவியதற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 1854இல் பம்பாயிலும் 1856இல் கல்கத்தாவிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. அவற்றை அடுத்து, 1856–57 காலத்தில் சென்னையிலும் ஒரு சங்கம் உருவாயிற்று. இதை நிறுவுவதில் முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். 1850இல் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தம் சொந்த முயற்சியால் தொடங்கியவரும் அவரே. அரசு பின்னர் அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவேயாகும். ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு ஆகியவற்றோடு ஒளிப்படத்தையும் ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்க வேண்டும் என்பது ஹண்டரின் எண்ணம்.

அன்றைய உறுப்பினர்களுள் பெரும்பாலோர் படை அதிகாரிகள், மருத்துவர்கள், ஆட்சிப் பணியாளர்கள். படமெடுப்பது எவருக்கும் பிழைப்பு அன்று. ஓய்வு நேர ஈடுபாடு. ஆயினும் அந்த ஈடுபாடு எளியதாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் பூச்சிட்டு, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் வகுத்த விதிகள் சென்னையின் சித்திரை வெயிலில் செல்லுபடியாகவில்லை. பூச்சு நொடிகளில் உலர்ந்தது, மருந்துக் கரைசல்கள் சூட்டில் கெட்டன, தாள்கள் கறுத்தன. எந்த மருந்தை எந்த அளவில் கலப்பது, எந்த நேரத்து வெயில் ஏற்றது என்பதையெல்லாம் இந்த மண்ணிலேயே பட்டறிந்து கற்க வேண்டியிருந்தது. ஒருவர் கண்டறிந்ததை மற்றவருக்குச் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமே சங்கம். தாம் எடுத்த படத்தைப் பிறர் முன் வைத்து, குறை கேட்டு, திருத்திக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் வளர்ந்தது.

இக்காலத்துச் சென்னை ஒளிப்படக்காரர்களுள் தலைசிறந்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவர். 1822இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கும்பினியாரின் மதராஸ் படையில் பணியாற்றியவர். 1855இல் சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில், அதற்குமுன் எவரும் படம்பிடித்திராத கோயில்களின் 68 படங்களைக் காட்சிக்கு வைத்துப் பாராட்டுப் பெற்றார். அவ்வாண்டிலேயே பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டு, அந்நாட்டின் பகோடாக்களையும் நகரங்களையும் படமாக்கி, 120 காட்சிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். 1856இல் சென்னை அரசு அவரை மாகாணத்தின் ஒளிப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ட்ரைப், இராயக்கோட்டை, சேலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களைப் படம்பிடித்துக்கொண்டு, அடுத்த கோடையில் சென்னை வந்து சேர்ந்தார். பெருங்கருவியும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் உடன் வந்தன. கண்ணாடித் தகட்டைவிட மெழுகூட்டிய தாளையே அவர் இப்பயணத்தில் பெரிதும் நம்பினார். அத்தாளை முன்கூட்டியே அணியப்படுத்தி வைக்கலாம். படமெடுத்த பின்னர் ஆறுதலாகக் கழுவலாம். வெயில் நாட்டுக்கு ஏற்ற அறிவார்ந்த தேர்வு அது.

அவர் செய்தவற்றுள் வியப்புக்குரியது ஒன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அக்கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய விரும்பிய ட்ரைப், கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். எழுத்தறிந்தோர் படித்துப் பொருள் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். அக்கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையில் அச்சேறத் தொடங்கியது 1890களில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவருடைய தொலைநோக்கு விளங்கும்.

சென்னை திரும்பியபின் 1858இல் அவர் படம்பிடித்தவை அமராவதிச் சிற்பங்கள். கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியை 1845இல் அகழ்ந்து, அச்சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவரச் செய்தவர் சர் வால்டர் எலியட். தென்னாட்டு நாணயங்கள், மொழிகள், உயிரினங்கள் எனப் பல துறைகளிலும் ஆர்வம் கொண்ட ஆட்சிப் பணியாளர் அவர். சென்னையில் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த அக்கற்களுள் 121 கற்கள் 1859இல் கப்பலேறி இலண்டன் சென்றன. அவை புறப்படும்முன் எந்நிலையில் இருந்தன என்பதற்கு ட்ரைப்பின் படங்கள் சான்றாக நிற்கின்றன. பொருள் இடம் மாறிவிட்ட பின்பு, அது இருந்த நிலைக்குப் படமே சாட்சி.

இத்தகைய பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியின் கருவூலம் வறண்டது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் செலவுகளைக் குறைப்பதில் முனைந்தார். ஒளிப்படத் துறை, வசதியுள்ள அரசு மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய ஆடம்பரம் என்பது அவர் கருத்து. துறை கலைக்கப்பட்டது. ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார். பின்னாளில் அவர் படமெடுத்தது மிகக் குறைவு. 1902இல் தாயகத்தில் மறைந்தார்.

ட்ரெவெல்யன்மீது நாம் சினம் கொள்வது எளிது. ஆனால் அவர் பக்கத்து நியாயத்தையும் கருத வேண்டும். பஞ்சமும் கடனும் சூழ்ந்த நாட்டில் கோயில் படங்களுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்பது பொருளற்ற கேள்வி அன்று. இன்றும் நம் அறநிலையங்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கிடும்போது இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றன. அன்னதானத்துக்கும் கல்வி உதவிக்கும் பணம் வேண்டியிருக்கையில், பழைய படங்களைப் பேணுவதற்கு எதற்குச் செலவு என்று யாரேனும் ஒருவர் கேட்கத்தான் செய்வார். அவருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: பசித்தவருக்குச் சோறு முதலில்; அதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாண்டு கொடுக்கத் தவறிய உதவித்தொகையை அடுத்த ஆண்டு கொடுக்கலாம். இவ்வாண்டு எடுக்கத் தவறிய படத்தை அடுத்த ஆண்டு எடுக்க இயலாது. அதற்குள் மண்டபத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். தூணில் இருந்த எழுத்து மறைந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த முதியவரும் இல்லாது போயிருப்பார்.

அரசின் துறை மூடப்பட்டபோதும் கலை மறைந்துவிடவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஹண்டரின் பள்ளியில் ஒளிப்படம் தொடர்ந்தது. அப்பள்ளியின் ஒளிப்படக்காரராகச் சி. ஐயாசாமி என்னும் தமிழர் பெயர் ஆவணங்களில் காணப்படுகிறது. தளபதிகளும் ஆளுநர்களும் நிறைந்த பட்டியலில் நம்மவர் ஒருவரின் பெயர் இடம்பெற்றது படத்தோடு பெயரையும் யாரோ எழுதிவைத்ததால்தான். பெட்டியைச் சுமந்தவரும் வண்டியோட்டியவரும் தாளுக்கு மெழுகூட்டியவரும் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்களை எழுதிவைக்க எவரும் முன்வரவில்லை.

ட்ரைப்பின் தொகுப்புகளில் ஊர்ப்பெயரும் இடப்பெயரும் விளக்கக் குறிப்புகளும் சேர்ந்தே வெளிவந்தன. அதனால்தான் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2014–15இல், வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களின் பெருங்காட்சியகங்கள் அவர் படங்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்த முடிந்தது. அழகால் மட்டும் ஒரு படம் வாழ்வதில்லை. அதன் பின்னே எழுதிய நான்கு சொற்களாலும் வாழ்கிறது.

சங்க மரபும் தளரவில்லை. 1953இல் பெங்களூரில் மருத்துவர் ஜி. தாமஸ் முயற்சியால் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு தோன்றி, நாடெங்கும் உள்ள ஆர்வலர் சங்கங்களை இணைத்தது. சென்னை ஒளிப்படச் சங்கம் இன்றும் இயங்குகிறது. உறுப்பினர்கள் கூடுகிறார்கள், படங்களைக் காட்டுகிறார்கள், இளையோருக்குக் கற்பிக்கிறார்கள். இப்போது கருவி எல்லோரிடமும் உண்டு. குறை சொல்லித் திருத்த ஒருவர் இருப்பதும், ஒன்றுகூடி ஒரு பொருளை முறையாகப் பதிவு செய்வதுமே அரிதாகிவிட்டன. தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட கேள்விக்கு இதுவே விடை.

அன்பர்களே! இந்த விழாவிலும் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படும். அவற்றுள் பத்தைத் தேர்ந்து அச்சிட்டு, நாள், இடம், அதில் உள்ளோர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒரு தொகுப்பாக வைக்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் நிற்பவர் பெயரோடு, பந்தியில் பரிமாறியவர் பெயரையும் எழுதுங்கள். உங்கள் இல்லங்களில் உள்ள பழைய படங்களை எடுத்துப் பாட்டனார், பாட்டியார் அருகில் அமர்ந்து, இவர் யார், இது எந்த ஊர் என்று கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறம் குறித்துவையுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு மாலைப் பொழுது போதும்.