பெரட்டுக்கு வரும் தொலைபேசி



அலுவலக மேசைகளில் இருக்கும் இணையத் தொலைபேசி, பார்வைக்குச் சாதாரணத் தொலைபேசி போன்றதுதான். ஆனால் அது நம் பேச்சைச் சிறு சிறு பொட்டலங்களாக்கிக் கணினி வலையின் வழியே அனுப்புகிறது. அலுவலகங்கள் கழித்துப்போடும் பழைய கருவிகள் மலிவாகக் கிடைக்கும். ஆர்வமுள்ள இளைஞர்கள் அவற்றை வாங்கி வருகிறார்கள். இணைத்தால் விளக்கு எரிகிறது, பேச்சு வருவதில்லை. கெட்டுப்போன சாமான் என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் அது கெட்டுப்போகவில்லை. காலைப் பெரட்டில் தண்டல் பெயரைக் கூப்பிட்டு, "உனக்கு இந்த நிரை" என்று சொன்ன பிறகுதானே வேலைக்குப் போகிறோம்? இந்தத் தொலைபேசியும் அப்படித்தான். மின்சாரம் வந்ததும், "என் எண் என்ன? கடவுச்சொல் என்ன? எந்த இணைப்பகத்தில் பதிய வேண்டும்?" என்று ஒரு கணினியிடம் கேட்கும். தன் பெயருக்கு எழுதிவைத்த கோப்பைப் பெற்ற பிறகே வேலை செய்யும். 500 தொலைபேசிகள் உள்ள அலுவலகத்துக்கு இது பெரிய வசதி. ஒரே ஒரு தொலைபேசி உள்ள வீட்டிலோ தண்டலும் இல்லை, கோப்பும் இல்லை.

கோப்பை நாமே எழுதலாம். ஆனால் சிஸ்கோ 7961 என்னும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில், கருவியின் அடியில் ஒட்டியுள்ள 12 எழுத்து அடையாளம் இருக்க வேண்டும். அதிலுள்ள ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினால், லினக்ஸ் கணினிக்கு அது வேறு பெயர். தொலைபேசி தேடும், கிடைக்காது. காரணம் தெரியாமல் நம் பையன் இரவெல்லாம் விழித்திருப்பான்.

இதை எளிதாக்கும் வழி என்ன? எண், கடவுச்சொல், இணைப்பக முகவரி ஆகிய மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, கோப்பைத் தானே எழுதும் சிறு நிரல் வேண்டும். தவறு நேர்ந்தால் வெறுமனே "பிழை" என்று சொல்லாமல், "கடவுச்சொல் பொருந்தவில்லை" என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

இது நடக்கக்கூடியதே. 1999இல் மார்க் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க மாணவர், தம் சிறு நிறுவனத்துக்கு இணைப்பகம் வாங்க வசதியில்லாமல், ஆஸ்டெரிஸ்க் என்னும் இணைப்பக நிரலைத் தாமே எழுதி அனைவருக்கும் இலவசமாகத் தந்தார். பின்னர் வந்தவர்கள், படிவம் நிரப்புவது போல அதை அமைக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்னும் நிரலை உருவாக்கினார்கள். முன்னே போனவர் பாதையைச் செதுக்கினால், பின்னே வருபவருக்கு முள் குத்தாது.

எச்சரிக்கை இரண்டு. கடவுச்சொல் எளிதில் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். இல்லையேல் அந்நியர் நம் செலவில் வெளிநாடு பேசிவிடுவார்கள். மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசியும் நின்றுவிடும். 999ஐ அழைக்க வேறு தொலைபேசி கையில் இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய கருவியோடு உட்கார்ந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். வெற்றி கிடைத்ததும், செய்த முறையை ஒரு தாளில் வரிசையாக எழுதி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கற்ற கல்வி அப்போதுதான் முழுமை பெறும்.