கருவிக்குத் தெரியாத தோல்



கொரோனாக் காலத்தில் வீடுதோறும் நுழைந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், விரல் நுனியைக் கவ்விக்கொண்டு சிவப்பொளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியையும் தோல்வழியே செலுத்தி, இரத்தம் அவற்றை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவி; தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியும் ஒளியை உறிஞ்சும் என்பதற்கு அதன் கணக்கில் போதிய இடம் இல்லை. அது 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளைகளில் தமனி இரத்தத்தைச் சோதித்தால் உண்மை அளவு 88க்கும் கீழே கிடந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்ததை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்டனர். மூச்சுக்குத் தவிக்கும் மனிதரின் விரலில் நல்ல எண் மின்னுகிறது. அந்த எண்ணை நம்பி அவருக்கு ஆக்சிஜன் மறுக்கப்படலாம்.

பழியை ஒளியின் மேல் போட்டுத் தப்ப இயலாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இந்தக் கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும் என்றது. அவர்களுள் கருநிறத்தவர் 2 பேர், அல்லது 15 விழுக்காட்டினர், இவற்றுள் எது கூடுதலோ அது போதும் என்றது. சோதிக்கப்படுவோரை 150க்குக் குறையாமல் உயர்த்தும் வரைவு வெளிவர 2025 ஜனவரி ஆயிற்று. இடையில் ஒரு பெருந்தொற்றே வந்துபோய்விட்டது!

விடுபடுவது தோல்நிறம் மட்டுமன்று. ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட இதய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தனர்; அதில் தேடப்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு முதுமையில் மிகுவதாக இருந்தும், 65 வயதை எட்டியோர் ஏறத்தாழ 6 விழுக்காடே. ஐபோனும் அந்தக் கடிகாரமும் உடையவரே சேரலாம் என்று வாசலிலேயே சல்லடை கட்டிவிட்டால் வேறென்ன நிகழும்?

இப்படி விடுபடும் மக்கள் ஆய்வுக்கு அழைத்தாலும் வருவதில்லை என்று குறைகூறுவோர், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினரைக் கேட்டறியட்டும். 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி அவர்கள் கொடுத்த இரத்தம், மனச்சிதைவு நோயையும் முன்னோரின் குடிப்பெயர்ச்சியையும் ஆராயப் பயன்பட்டது. 2010இல் உடன்பாடு எட்டிய பின்னரே 7 லட்சம் டாலரும் எஞ்சிய இரத்த மாதிரிகளும் அவர்கள் கைக்கு வந்தன.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை பேரிடம், எந்தெந்த நிறத் தோலில் சோதிக்கப்பட்டது என்பது கருவியின் பெட்டி மேலேயே அச்சிடப்பட வேண்டும்; ஒரு நோக்கத்துக்குப் பெற்ற உடல்தரவை வேறொன்றுக்கு எடுக்கும்முன், கொடுத்தவரிடம் அவர் மொழியிலேயே மீண்டும் கேட்க வேண்டும்.