தஞ்சோங் பகாரிலிருந்து தோ பாயோவுக்கு





பொன்விழா மேடையில் சங்கத்தின் சாதனைகளைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் நம் வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன்.

தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பலகைத் தடுப்பு போட்ட அறை, பொது அடுப்படி. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பக்கத்தில், சூலியா பள்ளிவாசல் நடக்கிற தூரத்தில். ஒரு வீட்டில் மவுத்து என்றால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியதில்லை, அழுகைச் சத்தமே சொல்லிவிடும்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. 1964இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம். 1968இல் முன்பணத்துக்கும் தவணைக்கும் மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம் என்றார்கள். நமக்கு முக்கியமான ஆண்டு இதுதான். அதுவரை மிச்சமான காசெல்லாம் மணியார்டராகப் போய் ஊரில் சுவராக எழும்பியது. இங்கே வாடகை, அங்கே வீடு என்பதே பலருடைய கணக்கு. சேம நிதியையோ 55 வயதுக்கு முன் எடுத்து ஊருக்கு அனுப்ப வழியில்லை; இங்கே வீட்டில் போடலாம். அந்தக் கணக்குதான் பலரை இங்கேயே நிறுத்தியது. “99 ஆண்டுக் குத்தகை எப்படிச் சொந்த வீடாகும்?” என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பலகைத் தடுப்புக்குள் பிள்ளை வளர்த்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

சாவி கையில் கிடைத்ததும் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், உட்லண்ட்ஸ் என்று சிதறினோம். 1989இல் புளோக்குக்குப் புளோக் இன விகிதம் வந்தபின், அண்ணன் தம்பி அடுத்தடுத்து வாங்குவதும் எளிதாக இல்லை. 1975இல் பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கி, மாதம் 50 காசு கொடுத்தோம். 1977இல் தோ பாயோவில் முதல் பள்ளி எழுந்தது. முஹாஜிரீன் என்று பெயர்; ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்று பொருள். பொருத்தமான பெயர்! தமிழில் குத்பா கேட்க மட்டும் பழைய பள்ளிக்கே பஸ் ஏறினோம்.

புது ஊரில் நம்மைத் தவிக்க வைத்தது மவுத்துதான். பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சந்தூக்கைப் படிக்கட்டில் திருப்பித் திருப்பி இறக்க எட்டுப் பேராவது வேண்டும். குளிப்பாட்டத் தெரிந்தவர் பிடோக்கில் இருப்பார், மையித்து உட்லண்ட்ஸில் இருக்கும். ஒருவர் நாலு பேருக்குப் போன் செய்ய, அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேருக்குச் சொல்ல, நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நம் சங்கம் சங்கமானது அப்போதுதான் என்பேன். நாம் போய்ச் சேருமுன் பக்கத்து வீட்டு மலாய்ச் சகோதரர்கள் எல்லா ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்த நாட்களும் உண்டு. கீழ்த்தளத்தில் நாற்காலி போட்ட சீனப் பெரியவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பிள்ளைகள் பொங்கோலிலும் செங்காங்கிலும் வாங்கிப் போய்விட்டார்கள். அதே மூவறை வீட்டில் அத்தாவோ அம்மாவோ தனியாக இருக்கிறார்கள். சங்கத்தின் பட்டியலில் இருக்கும் எண்களில் பல இன்று அடிப்பதே இல்லை. வாசல் மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவரின் புளோக் எண், மாடி, சாவி யாரிடம் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். பிரியாணி ஆறாது.