சிறுபான்மை அரசும் அமைச்சரவையின் பொறுப்பும்



எண்ணிக்கையில் குறைந்த நம் சொல்லை ஆட்சி கேட்குமா என்று நம் இளைஞர் பலர் வினவுகின்றனர். விடை காண, எண்ணிக்கையில் குறைந்த ஓர் அமைச்சரவையின் வரலாற்றையே இன்று ஆராய்வோம்.

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்கிறது அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஆளும் கட்சி பாதிக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றே தீர வேண்டும் என்று அது விதிக்கவில்லை. அவையின் நம்பிக்கை உள்ளவரை அமைச்சரவை இருக்கும்; அது போனால் இதுவும் போகும். நிலைத்த ஆட்சியைவிடப் பொறுப்புள்ள ஆட்சிக்கே இம்முறை முதலிடம் தருகிறது என்று டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார்.

1989 தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 197 இடங்கள் பெற்ற காங்கிரஸ் ஆட்சி அமைக்க முன்வரவில்லை. 143 இடங்கள் பெற்ற ஜனதா தளத்தின் வி.பி.சிங், தேசிய முன்னணியின் சார்பில் டிசம்பர் 2ஆம் நாள் பிரதமரானார். பாரதிய ஜனதா கட்சியும் இடதுசாரிகளும் அமைச்சரவையில் சேராது வெளியிலிருந்து ஆதரித்தன. நம்மவரான இராம் விலாஸ் பாஸ்வான் தொழிலாளர், நலத்துறை அமைச்சரானார்.

அரசியல் சட்டத்தைத் திருத்த, வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவு வேண்டும். ஆகவே எதிர்க்கட்சிகளையும் இணங்கச் செய்தே அவ்வமைச்சரவை செயற்பட வேண்டியிருந்தது. அவ்வாறே, சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் நமக்குள்ள தனி இடங்கள் 62ஆம் திருத்தத்தால் மேலும் பத்தாண்டுகள் நீண்டன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்திற்கு 65ஆம் திருத்தம் வழிகோலியது. பௌத்தம் தழுவிய நம் மக்களுக்குப் பட்டியல் சாதியினரின் உரிமைகள் 1990இல் கிடைத்தன. அண்ணலின் திருவுருவப் படம் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் இடம்பெற்றதும், அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு ஒதுக்கும் மண்டல் பரிந்துரையை ஏற்கும் அறிவிப்பும் ஆகஸ்ட் 7ஆம் நாள் வந்தது.

ஆயினும் வெளி ஆதரவு இரவல் ஊன்றுகோல். அத்வானி கைதானதும், அக்டோபர் 23ஆம் நாள் பாரதிய ஜனதா கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 7ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 142, எதிராக 346 வாக்குகள் விழ, அமைச்சரவை பதினொரு திங்களில் வீழ்ந்தது.

அமைச்சரவை வீழ்ந்தது, சட்டங்கள் வீழவில்லை. 65ஆம் திருத்தம் 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 27 விழுக்காட்டினை அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆட்சியின் ஆயுள் வேறு, ஆட்சி இயற்றும் சட்டத்தின் ஆயுள் வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

இளைஞர்களே! ஆட்சி நிலைக்குமா என்று கணக்கிடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அது நிற்கும் நாளில் எந்த உரிமையைச் சட்டமாக்கலாம் என்று கேட்கக் கற்போம். அவ்வாறு கேட்பதற்கு அரசியல் சட்ட அறிவு வேண்டும். அவ்வறிவை நம் தெருக்கள்தோறும் சேர்ப்பதே இவ்வெள்ளி விழா நம்மீது சுமத்தும் கடமை.